கேள்வி நாளில் எழும்பிய ஆதுலர்சாலை

வெண்கோட்டு நாட்டில் பௌர்ணமிதோறும் கேள்வி நாள். அன்று ஊர்ப் பிரதிநிதிகள் மன்னர் மாறவேளின் சபைக்கு வந்து மந்திரிகளைக் கேள்வி கேட்பார்கள். பொய் சொன்னது தெரிந்தால் மந்திரியின் பதவி போய்விடும். அதனால் மந்திரிகள் பொய்யை மிகவும் கவனமாகச் சொல்வார்கள்.

அவர்களில் மகா கவனசாலி ஆதிவிடங்கர். பொது நிலம் அவர் பொறுப்பு. நோயாளிகள், ஆதரவற்றவர்கள் பராமரிப்பும் அவர் பொறுப்புதான். இரண்டும் ஒருவரிடமே இருந்ததில் ஒரு வசதி. நெட்டூர் ஏரிக்கரையில் நோயாளிகளுக்கு ஆதுலர்சாலை கட்ட, பராமரிப்பு மந்திரியாக இருந்து நிலம் கேட்டார். நில மந்திரியாக இருந்து அவரே கொடுத்தார். பிறகு அதில் தமக்கு ஒரு மாளிகை கட்டிக்கொண்டார்.

அந்தப் பௌர்ணமியன்று நெட்டூர்ப் பிரதிநிதி சாத்தப்பன் எழுந்தான். அவன் அண்ணன் பனைமரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து, எழ முடியாமல் கிடந்தார். சாத்தப்பன் வயலுக்குப் போனால் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. ஊரில் அப்படிக் கிடப்பவர்கள் இன்னும் பலர்.

"ஐயா, எங்கள் ஏரிக்கரையில் வருவதாகச் சொன்ன ஆதுலர்சாலை என்ன ஆயிற்று?"

ஆதிவிடங்கர் யோசித்தார். "இல்லை" என்றால், நிலம் எங்கே என்று கேட்பான். "கட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று போன வருஷமே சொல்லியாயிற்று. அதற்கு முந்தின வருஷமும் அதைத்தான் சொன்னார்.

"கட்டி முடித்தாயிற்று" என்றார் கம்பீரமாக.

"எங்கே ஐயா? அங்கே பெரிய மாளிகை ஒன்றுதான் நிற்கிறது. காவல்காரன் கிட்டவே விடமாட்டேன் என்கிறான்!"

"பின்னே? நோயாளிகளுக்கு அமைதி வேண்டாமா, அப்பா?"

சபை தலையாட்டியது. அப்போது குழைக்காதன் எழுந்தான். மன்னருக்குப் பிடித்த விகடன் அவன். இவன் மடக்கப் போகிறான் என்று மந்திரி நினைத்தார். ஆனால் குழைக்காதனோ கைகூப்பிப் புன்னகை செய்தான்.

"மந்திரியார் தம் பெருமையைத் தாமே சொல்லக் கூச்சப்படுகிறார். நான் கேட்கிறேன். நோயாளிகளுக்குப் படுக்கப் பாய் உண்டா, ஐயா?"

ஆதிவிடங்கருக்கு உயிர் வந்தது. "பாயா? இலவம்பஞ்சு மெத்தை!"

"கஞ்சியாவது கிடைக்குமா?"

"நெய்ச்சோறு. இரண்டு வேளையும் பால்."

"வைத்தியர் எப்போதாவது எட்டிப் பார்ப்பாரா?"

"எட்டிப் பார்ப்பதா? அங்கேயே குடியிருக்கிறார்!"

"அடடா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் குழைக்காதன். சாத்தப்பன் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். "நீங்களும் இந்தக் கூட்டுதானா?" என்று முணுமுணுத்தான்.

"மன்னா, இவ்வளவு நல்ல இடத்தைத் தாங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?" என்றான் குழைக்காதன்.

"கட்டாயம்" என்றார் மன்னர். "வெள்ளிக்கிழமை வருகிறேன்."

ஆதிவிடங்கர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார்.

ஆனால் ஆசாமி சாமர்த்தியசாலி. மறுநாளே மாளிகைக் கூடத்தில் மெத்தைகள் விரித்தாயிற்று. பசுக்கள் வந்தன. ஒரு வைத்தியரைக் குடும்பத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நோயாளிக்கு என்ன செய்வது? சமையல்காரன், தோட்டக்காரன், பல்லக்குத் தூக்கிகள் எல்லோருக்கும் கட்டுப்போட்டுப் படுக்கவைத்தார். பல்லக்குத் தூக்கி ஒருவன் பகல் தூக்கம் கிடைத்த மகிழ்ச்சியில் குறட்டையே விட்டான். மன்னர் பார்த்துவிட்டுப் போனதும் மெத்தைகளைச் சுருட்டிவிடலாம் என்பது மந்திரியின் கணக்கு.

சபையில் மந்திரி சொன்ன பதிலை, கேள்வி கேட்டவரின் ஊரில் தண்டோரா போடுவது அந்நாட்டு வழக்கம். ஊரில் யாரும் அதை நம்புவதில்லை. ஆகவே மந்திரிகள் அதைப் பற்றிக் கவலைப்படுவதுமில்லை. இம்முறை தண்டோராக்காரனோடு குழைக்காதனும் நெட்டூருக்குப் போனான். "வெள்ளிக்கிழமை மன்னரே வருகிறார். அவர் தேருக்குப் பின்னாலேயே வாருங்கள். எந்தக் காவல்காரன் தடுக்கிறான் பார்ப்போம்!" என்றான்.

வெள்ளிக்கிழமை மன்னரின் தேர் வாசலில் நின்றது. பின்னால் மாட்டு வண்டிகள், தூளிகள், தோளில் சுமக்கப்பட்டவர்கள் என்று நெட்டூரே வந்திருந்தது. மன்னர் எதிரில் யாரைத் துரத்த முடியும்?

"இடமில்லையோ?" என்றார் மன்னர், கூடத்து மெத்தைகள் நிறைந்திருப்பதைப் பார்த்து.

"இருக்கிறது, மன்னா! இவர்களுக்கெல்லாம் இன்றைக்குக் குணமாகிவிட்டது" என்று மெத்தைகளில் கிடந்தவர்களைக் காட்டினார் ஆதிவிடங்கர். சமையல்காரன் எழுந்து கட்டை அவிழ்த்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான். குறட்டை விட்டவனை மட்டும் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

கூடம் நிறைந்தது. சாத்தப்பன் தன் அண்ணனைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனான். அங்கே சந்தனக் கட்டில் ஒன்று காலியாக இருந்தது. அதில் அவரை மெல்லக் கிடத்தினான்.

"ஐயோ, அது என் கட்டில்!" என்று அலறிவிட்டார் ஆதிவிடங்கர்.

மன்னர் திரும்பினார். "உங்கள் கட்டிலா?"

குழைக்காதன் ஓடிவந்து காப்பாற்றினான். "ஆமாம் மன்னா! தம் சொந்தக் கட்டிலையே தானம் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு மந்திரி யாருக்குக் கிடைப்பார்?"

மன்னர் சுவரில் தொங்கிய மந்திரியின் படத்தைப் பார்த்தார். மூலையில் இருந்த அவருடைய செருப்புகளைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"மந்திரியாரே, இந்த ஆதுலர்சாலை என்றைக்கும் இப்படியே நடக்கட்டும். மெத்தை, நெய்ச்சோறு, பால், எதுவும் குறையக்கூடாது. மாதாமாதம் வருவேன்."

"உத்தரவு" என்றார் ஆதிவிடங்கர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வெளியே வந்ததும் மன்னர் குழைக்காதனின் காதைப் பிடித்தார். "திருடா! இவர் சொன்னது பொய் என்று உனக்கு அன்றைக்கே தெரியும். சபையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் இவர் போயிருப்பார், மன்னா. புதிய மந்திரி வந்து, 'கட்டிக்கொண்டிருக்கிறோம்' என்று முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார். பொய் என்று நிரூபித்தால் ஒரு பொய்யர்தான் கிடைப்பார். மெய் என்று நம்பினேன், ஓர் ஆதுலர்சாலை கிடைத்தது!"

மன்னர் தேர் அதிரச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார். வழியனுப்ப வந்த ஆதிவிடங்கரும் சிரித்தார். மன்னர் சிரிக்கும்போது சும்மா நிற்க அவருக்குத் தைரியம் போதவில்லை.