யாரையும் எழுப்பாத ஊரு

ஒரு ஊர்ல கயிறு பிடிக்கிற பொண்ணு ஒருத்தி இருந்தா. எந்த ஊர்னா, நம்ம பக்கம் இல்ல, இத்தாலின்னு ஒரு தேசம் இருக்கே, அங்க. சுத்திலும் மலை, நடுவுல ஒரு ஏரி. ஏரின்னா நம்ம ஊரு ஏரி மாதிரி கோடையில மாடு மேயுற ஏரி இல்ல. எதுத்த கரையில ஆள் நின்னா எறும்பு அளவுக்குக்கூடத் தெரியாது, அவ்ளோ அகலம். அந்த ஏரிக்கரையில மொல்தீனான்னு ஒரு சின்ன ஊரு. பொண்ணு பேரு ஜெலிண்டா. வாயில நுழையலேன்னா ஜெலின்னு வெச்சுக்கோ. ம் சொல்லு. நீ சொன்னாத்தான் நான் மேல சொல்லுவேன்.

சரி. அந்த ஏரியில ஒரு பெரிய படகு தினமும் ஊர் ஊரா சுத்தி வரும். பூம்ம்ம்னு ஊதிக்கிட்டு வரும். கரைகிட்ட வந்ததும் படகுக்காரர் கயிறை விஷ்ஷ்ஷ்னு வீசுவாரு. ஜெலி அதை லபக்குனு பிடிப்பா. பிடிச்சு, துறையில நட்டிருக்கிற கட்டையில சரக் சரக்னு ரெண்டு சுத்து சுத்துவா. படகு நின்னுடும். ஜனங்க இறங்குவாங்க, ஏறுவாங்க. இது என்ன பெரிய வேலைன்னு நினைக்காத. நீ வேணா நாளைக்கு பாவாடை நாடாவை வீசி அந்தரத்துல பிடிச்சுப் பாரு.

ஜெலிக்கு ஒரே ஒரு அக்கா. பேரு பியா. கல்யாணம் ஆகி எதுத்த கரைக்குப் போயிட்டா. இப்ப அவ மாசமா இருக்கா. "குழந்தை பொறந்து மாசம் ஒண்ணு ஆனதும் தூக்கிட்டு வந்து உன் மடியிலதான் போடுவேன்"னு பியா சொல்லியிருந்தா. படகுல வந்தா அரை மணி நேரம். மலையச் சுத்தி ரோட்டு வழியா வந்தா ஒரு முழு நாள், அதுவும் வளைஞ்சு வளைஞ்சு குடலப் பொரட்டுற ரோடு. பச்சக் குழந்தைய வெச்சுக்கிட்டு அந்த வழியா யாரு வருவா? அதனால ஜெலி படகையும் பாத்தா, காலண்டரையும் பாத்தா.

அப்போதான் படகு ஆபீஸ்லேருந்து ஊருக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? "உங்க ஊர்ல பாக்கறதுக்கும் செய்யறதுக்கும் மூணு விஷயமாவது இருக்கணும். இல்லேன்னா இனிமே படகு அங்க நிக்காது. செவ்வாய்க்கிழமை காலைல பதினொன்றரை மணிப் படகுல எங்க அதிகாரி வந்து பாத்து எழுதிட்டுப் போவாரு."

ஊர்க்காரங்க சிரிச்சாங்க. மூணு என்ன மூணு, முப்பது காட்டுறோம்னாங்க. மணிக்கோபுரம் இருக்கு, ஏறினா ஏரி முழுக்கத் தெரியும். எலுமிச்சைத் தோட்டம் இருக்கு, ஒவ்வொரு பழமும் உன் தலை பெருசு. ஐஸ்கிரீம் கடை இருக்கு, அதைச் சொன்னா நீ தூங்க மாட்ட, அப்புறமா சொல்றேன். ஜெலி மட்டும் சிரிக்கல. அவளுக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. அங்க சோறு இல்ல, மக்காச்சோளக் களி. அதுவும் இறங்கல.

இப்ப அந்த ஊரோட வழக்கம் ஒண்ணு சொல்லணும், கேட்டுக்கோ. மணி பன்னெண்டு அடிச்சா போதும், டங் டங்னு பன்னெண்டு, ஜன்னல் எல்லாம் படார் படார்னு சாத்திக்கும். களியும் மீனும் தின்னுட்டு மொத்த ஊரும் தூங்கப் போயிடும். நாலு மணி வரைக்கும் யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. ராஜா வந்தாலும் எழுப்பக் கூடாது. கதவுல தட்டுறதுக்கு இரும்பு வளையம் இருக்கும்ல, அதுக்கெல்லாம் மத்தியானம் சாக்ஸ் மாட்டி விட்டுடுவாங்க. ஆமா, கால்ல போடுற சாக்ஸ்தான். சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிடும்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. காலைல எட்டு மணிக்கே ஊரே துறையில. பேண்டு வாத்தியம், மாலை, புதுச் சட்டை. பதினொன்றரை ஆச்சு, படகைக் காணோம். முக்கால் ஆச்சு, காணோம். அன்னிக்கு ஏரியில எதிர்காத்து. பன்னெண்டும் ஆச்சு. டங்னு மணி அடிச்சுச்சா, அவ்ளோதான், பேண்டுக்காரங்க வாத்தியத்தை வாயிலேருந்து எடுத்தாங்க, மாலை வெச்சிருந்தவரு மாலையோட நடந்தாரு, எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாங்க. யாருக்கும் ஒரு நிமிஷம் நிக்கணும்னு தோணல. பழக்கம் அப்படி. துறையில ஒரு பெரிய டிரம்மும் ஜெலியும்தான் பாக்கி. கயிறு பிடிக்கிறவ தூங்கினா எப்படி?

பன்னெண்டே காலுக்குப் படகு வந்துச்சு. பூம்ம்ம். விஷ்ஷ். லபக். சரக் சரக். ஒரே ஒருத்தர் இறங்கினாரு. நெட்டையா, கையில நோட்டு, கக்கத்துல குடை, கண்ணு ரெண்டும் செவசெவன்னு. பேரு பல்தசாரே. அதிகாரி.

"ஊர்ல ஆளே இல்லையா?"ன்னாரு.

"இருக்காங்க அய்யா. தூங்குறாங்க."

"எழுப்பு."

"எழுப்பக் கூடாதுங்க."

அவரு ஜெலியைப் பாத்தாரு, டிரம்மைப் பாத்தாரு. "மூணரை மணிப் படகுல நான் போயிடுவேன். அதுக்குள்ள என்ன இருக்கோ காட்டு"ன்னாரு. ஜெலி, வாங்கன்னு முன்னாடி நடந்தா.

மொதல்ல மணிக்கோபுரம். கோபுரத்துக்குக் கதவு பூட்டு. சாவி யாருகிட்ட? மணி அடிக்கிற தாத்தாகிட்ட. தாத்தா எங்க? கோபுரத்தடியில பெஞ்சுல மல்லாக்கப் படுத்துத் தூங்குறாரு. கொர்ர்ர்... புஸ்ஸ். சாவி அவரு தொப்பை மேல, ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காரு. கொர்ர்னா சாவி மேல போகுது, புஸ்ஸுனா கீழ வருது. ஜெலி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு விரலை விட்டா. மெதுவா. மெதுவா. தாத்தா சாவியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, "இன்னும் நாலு ஆகல"ன்னு முனகிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு. அதிகாரி நோட்டைத் தெறந்து ஒரு முட்டை போட்டாரு. கோழி முட்டை இல்ல, சைபர்.

அப்புறம் எலுமிச்சைத் தோட்டம். மலைச் சரிவுல படிப்படியா, பெரிய பெரிய தூண் நட்ட தோட்டம். குளிர் காலத்துல மரத்துக்கெல்லாம் பலகைக் கூரை போட்டு மூடி வெப்பாங்க, நாம குழந்தைக்குக் கம்பளி போத்துற மாதிரி. கேட்டு தெறந்துதான் இருந்துச்சு. ஆனா கேட்டுக்குக் குறுக்க தோட்டக்காரம்மா நாற்காலி போட்டுக் காலை நீட்டித் தூங்குறாங்க. "நான் தாண்டிடுவேன்"னாரு அதிகாரி. நெட்டைக் காலாச்சே. ஒரு காலை அந்தப் பக்கம் வெச்சாரு. இன்னொரு காலு வரல. இந்தப் பக்கம் ஒரு காலு, அந்தப் பக்கம் ஒரு காலு, நடுவுல தோட்டக்காரம்மா. அப்போ நாற்காலிக்கு அடியிலேருந்து ஒரு நாய், ஒரே ஒரு கண்ணைத் தெறந்து, உர்ர்ர். அப்படியே சிலையா நின்னாரு. நாய் கண்ணை மூடிக்கிச்சு. அவரு காலை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்துட்டாரு. ரெண்டாவது முட்டை.

ம் சொல்லல நீ. தூங்கிட்டியா? இல்லையா? சரி.

மூணாவது ஐஸ்கிரீம் கடை. சொல்றேன்னேன்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சையா பிஸ்தா, செவப்பா செர்ரி, மஞ்சளா எலுமிச்சை, மலை மலையா. அந்த மலைகளுக்கு நடுவுல கடைக்காரர் கரண்டியைக் கையில பிடிச்சபடியே தலை சாஞ்சு தூங்குறாரு. கதவு உள்ள தாப்பா. அதிகாரி கண்ணாடியில மூக்கை வெச்சு அழுத்திப் பாத்தாரு. வெயில்ல அவருக்கும் நாக்கு வறண்டு போயிருந்துச்சு பாவம். கண்ணாடியில மூக்கோட அச்சு விழுந்துச்சு. நோட்டுல மூணாவது முட்டை விழுந்துச்சு.

"போதும்மா"ன்னாரு. திரும்ப துறைக்கு வந்தாங்க. துறையோரம் பெரிய மரத்து நிழல்ல ஒரு சின்னத் துடுப்புப் படகு கட்டியிருந்துச்சு. அதுல ஏறி உக்காந்து, நோட்டை மடியில வெச்சு எழுத ஆரம்பிச்சாரு. இந்த ஊர்ல ஒண்ணும், அப்படின்னு எழுதினாரு. தண்ணி சளக் சளக்னு படகைத் தட்டுச்சு. படகு இப்படி ஆடுச்சு, அப்படி ஆடுச்சு. பேனா கையிலேருந்து நழுவுச்சு. தலை மெல்லச் சாஞ்சுச்சு. கொர்ர்ர்.

மணி மூணு இருக்கும். ஜெலி பக்கத்துல நிக்குறா. நோட்டு அவ கைக்கு எட்டுற தூரம். அந்தப் பக்கத்தைக் கிழிச்சு ஏரியில போட்டிருக்கலாம். யாரும் பாக்கல. ஆனா ஜெலி அப்படிப்பட்டவ இல்ல, கிழிக்கல. எழுப்பினா என்ன ஆகும்? படகுல ஏறிப் போயி மிச்சத்தை எழுதிடுவாரு. எழுப்பலேன்னா? படகைத் தவற விட்டுட்டுக் கோவத்துல எழுதுவாரு. எப்படிப் பாத்தாலும் பியா வர முடியாது. அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. குனிஞ்சு அவரு முகத்தைப் பாத்தா. காலரு பொத்தான் அவுந்து, வாயி லேசாத் தெறந்து, எத்தனை நாள் தூக்கமோ தெரியல, அப்படித் தூங்குறாரு. போகட்டும், இந்த மனுஷனாவது நல்லாத் தூங்கட்டும்னு நினைச்சா.

மூணரைக்குப் படகு வந்துச்சு. ஊதுறதுக்குப் படகுக்காரர் கையைத் தூக்கினாரு. ஜெலி உதட்டுல விரலை வெச்சு, உஷ்ஷ். அவரு ஊதல. அதிகாரியைக் காட்டி, ஏத்திக்கட்டுமான்னு சைகை செஞ்சாரு. ஜெலி தலையை ஆட்டி வேண்டாம்னா. வீசின கயிறைப் பிடிக்காம, கையைக் கட்டிக்கிட்டு நின்னா. படகு தக்... தக்... தக்னு பூனை மாதிரிப் போயிடுச்சு.

அப்புறம் நாலு மணி ஆச்சா, தாத்தா மணி அடிக்க எழுந்தாரு. ஜெலி ஓடிப் போயி அவரு கையைப் பிடிச்சுக்கிட்டா. மணி அடிக்கல. ஜனங்க தானா எழுந்தாங்க, விஷயம் காதுக்குக் காது பரவுச்சு. செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, நுனிக்காலு நுனிக்காலா எல்லாரும் துறைக்கு வந்தாங்க. பேண்டு வந்துச்சு, மாலை வந்துச்சு, நாயும் வந்துச்சு. துடுப்புப் படகு பக்கத்துல கரையோரமா நெருக்கி நின்னு, ஒருத்தரும் மூச்சு விடல.

ஆறு மணிக்கு பல்தசாரே கண்ணைத் தெறந்தாரு. பாத்தா, ஊரே வாயில விரலை வெச்சுக்கிட்டு அவரையே பாக்குது. உனக்கு எப்படி இருக்கும்? அவரும் அப்படித்தான் திருதிருன்னு முழிச்சாரு. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பாத்தாரு.

"படகு?"

"போயிடுச்சுங்க"ன்னா ஜெலி. "நான்தான் போகச் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்ப மனசு வரல."

அவரு காலரு பொத்தானை மாட்டிக்கிட்டே சொன்னாரு. "பதினாலு வருஷமா ஊர் ஊராப் போறேன். போற இடமெல்லாம் கையைப் பிடிச்சு இழுத்து, இதைப் பாரு, அதைப் பாருன்னாங்க. எனக்குத் தூக்கம் வருதான்னு ஒருத்தரும் பாக்கல." அப்புறம் பேனாவை எடுத்தாரு. இந்த ஊர்ல ஒண்ணும்னு விட்டிருந்தாரே, அது பக்கத்துல, அவசரமில்லன்னு எழுதினாரு. கீழ மூணு வரி போட்டுச் சத்தமாப் படிச்சாரு. "இங்க செய்ய வேண்டியவை. ஒண்ணு, தூங்கலாம். ரெண்டு, எழுந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம். மூணு, படகைத் தவற விடலாம்."

டம் டம் பாம் பாம்னு பேண்டு கிளம்புச்சு பாரு. ஐஸ்கிரீம் கடைக்காரர் கையில கரண்டியோடவே ஓடினாரு. அதிகாரி கோபுரம் ஏறினாரு, எலுமிச்சை மோந்து பாத்தாரு, பிஸ்தா ரெண்டு கோப்பை சாப்பிட்டாரு. சாயங்காலம் ஊரே நல்ல துணி உடுத்திக்கிட்டு ஏரிக்கரையில காலாற நடக்கும், அவங்களோட அவரும் நடந்தாரு. ஜெலிக்குப் பசி எடுத்துச்சு. மூணு தட்டுக் களி சாப்பிட்டா.

அப்புறம் படகு வழக்கம் போல நின்னுச்சு. எங்கெங்கேயிருந்தோ ஜனங்க தலகாணியோட வந்து இறங்கினாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம், விஷ்ஷ், லபக், சரக் சரக், பியா இறங்கினா. கையில ஒரு துணி மூட்டை. அந்த மூட்டை என்ன பண்ணுச்சு தெரியுமா? ங்ஙாஆஆ. மலையெல்லாம் எதிரொலிச்சுச்சு.

படார் படார்னு ஜன்னல் தெறந்துச்சு. யாரு அதுன்னு தாத்தா வந்தாரு, தோட்டக்காரம்மா வந்தாங்க, ஐஸ்கிரீம்காரர் வந்தாரு, எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கிட்டு, முகத்தைக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டு. வந்து பாத்தா, இத்துனூண்டு வாயி. கோவம் எங்க போச்சுன்னே தெரியல. தாத்தா சாவியை ஆட்டினாரு, கிலுகிலு. அழுதுச்சு. தோட்டக்காரம்மா எலுமிச்சையை உருட்டினாங்க. அழுதுச்சு. பேண்டுக்காரரு மெல்ல ஊதினாரு. இன்னும் அழுதுச்சு. கடைசியில பியா களைச்சுப் போயி, "நீயே வெச்சுக்கோடி"ன்னு ஜெலி கையில குடுத்துட்டா.

ஜெலி தோள்ல போட்டுக்கிட்டா. கயிறு பிடிச்சுப் பிடிச்சுக் காப்புக் காய்ச்ச கையால முதுகை மெல்லத் தட்டினா. தட். தட். தட். ஒரு விக்கல், ஒரு பெருமூச்சு. அப்புறம் அவ கழுத்துல இளஞ்சூடா மூச்சு மட்டும். ஜெலிக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சந்தோஷம்தான். தாத்தா, என்கிட்டக் குடுன்னு கையை நீட்டினாரு. தோட்டக்காரம்மா நீட்டினாங்க. சாயங்காலம் ஆச்சு, கடைசியில பெத்தவளே வந்து, "குடுடி, பால் குடுக்கணும்"னா.

ஜெலி நகரவே இல்ல. "தூங்குது. எழுப்பக் கூடாது"ன்னா.

அவ்ளோதான் கண்ணு, கதை கரை சேந்தாச்சு. கட்டையில ரெண்டு சுத்து சுத்தியாச்சு. இனி ம் சொல்ல வேண்டாம், கண்ணை மூடிக்கோ. உன்னையும் யாரும் எழுப்ப மாட்டாங்க.