ஜோஸ்பின் கேட்க மறுத்த பதில்

இந்த வழக்கில் கெட்டவர் என்று யாரும் இல்லை. மூன்று பேருமே நல்லவர்கள். தீர்ப்புச் சொல்வது கடினமாக இருப்பதும் அதனால்தான். நிதானமாகக் கேளுங்கள்.

தூத்துக்குடியில் அமலி, ஜோஸ்பின் என்று இரட்டைச் சகோதரிகள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள். முகச்சாயல் மட்டுமல்ல, உடம்புக்குள் இருக்கும் மரபணுக்களும் இருவருக்கும் ஒன்றே. அவர்களுடைய அப்பா துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். நாற்பது வயதை ஒட்டி அவருடைய கைகால்கள் தாமாக ஆடத் தொடங்கின. நடை தள்ளாடியது. குடித்திருக்கிறார் என்று ஊர் பேசியது. பிறகு பேச்சு குழறியது, பெற்ற பிள்ளைகளின் பெயர் மறந்தது, சோறு விழுங்க முடியாமல் போனது. இறப்பதற்குச் சற்று முன்புதான் ஒரு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: ஹண்டிங்டன்.

பெற்றவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காரணமான மரபணுவை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும்; நோய் தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வருமா வராதா என்று சொல்லிவிடுவார்கள். குணப்படுத்தும் மருந்துதான் இன்னும் வரவில்லை.

அமலி கல்யாணமாகிப் பிள்ளைக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது இருந்தா, கருவையே சோதிச்சு, நோயில்லாத கருவை மட்டும் வயித்துல வைப்பாங்களாம். சென்னையில செய்றாங்க. அதுக்கு முதல்ல எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியணும், ஜோஸ்."

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தும் ஜோஸ்பினுக்கு முகம் வெளுத்தது. "எனக்குத் தெரிய வேண்டாம்டி. தெரிஞ்சா, கை ஆடுதா ஆடுதான்னு பாத்துக்கிட்டேதான் மிச்ச நாள் ஓடும்."

"என் ரத்தத்தைத்தான குடுக்கேன்?"

"ரத்தம் உன்னுது. பதில் எனக்கும் சேர்த்துல்லா வரும்."

பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் அமலி வாக்குக் கொடுத்தாள். என்ன வந்தாலும் ஜோஸ்பினிடம் சொல்வதில்லை. நல்லதாக வந்தாலும் சொல்வதில்லை. நல்லதை மட்டும் சொல்வதாக வைத்துக்கொண்டால், சொல்லாமல் இருப்பதே கெட்ட செய்தியாகிவிடும் அல்லவா? ஜோஸ்பின் அரைமனதாகத் தலையாட்டினாள்.

மதுரையில் டாக்டர் குமுதவல்லி, அமலியிடம் பலமுறை பேசி, அவள் உறுதியாக இருப்பதைப் பார்த்த பிறகே ரத்தம் எடுத்தார். முடிவு வந்தது. நோய் இல்லை. அமலிக்கு இல்லை, ஆகவே ஜோஸ்பினுக்கும் இல்லை.

அமலியும் அவள் கணவர் ரொசாரியோவும் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டார்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் அமலிக்கு உறைத்தது. சென்னைக்கு அலையாமல் அவள் கர்ப்பமானால், அதைப் பார்த்தே ஜோஸ்பின் பதிலைத் தெரிந்துகொள்வாள். வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் பிள்ளை கூடாது. பிள்ளைக்காகத்தான் சோதனையே செய்தது!

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் கணவரிடம்.

மாதங்கள் போயின. அமலி கர்ப்பமாகவும் இல்லை, சென்னைக்குப் போகவும் இல்லை. தன்னைக் கண்டதும் அவள் பேச்சை மாற்றுவதை ஜோஸ்பின் கவனித்தாள். நோய் இருக்கிறது, அதனால் பிள்ளை ஆசையையே விட்டுவிட்டாள் என்று தானாக முடிவு கட்டினாள். ஒரு நாள் வகுப்பில் சோதனைக்குழாய் கைதவறி விழுந்து உடைந்தது. தனக்குத் தொடங்கிவிட்டதென்றே நினைத்தாள். தன்னை மணக்கக் கேட்டிருந்த சக ஆசிரியரிடம் முடியாது என்றாள். வேலையை விடப்போவதாகத் தலைமையாசிரியையிடம் சொன்னாள்.

"இனியும் பொறுக்கக் கூடாது, சொல்லிருவோம்" என்றார் ரொசாரியோ. "வாக்குக் குடுத்திருக்கேனே" என்று அமலி அழுதாள். அவளிடம் சொல்லாமல் அவர் தனியே கிளம்பிப் போனார்.

"ஜோஸ், உனக்கு ஒண்ணும் கிடையாது. ரெண்டு பேருக்குமே கிடையாது. வேலையை விட்டுராத."

ஜோஸ்பின் அவரையே பார்த்தாள். "அமலி சொல்லச் சொன்னாளா, அத்தான்?"

"நான் வந்ததே அவளுக்குத் தெரியாது."

"நோய் இருந்தாலும் நீங்க இதத்தான வந்து சொல்லியிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தால், ரொசாரியோ அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஜோஸ்பின் மதுரைக்குப் போனாள். "அத்தான் சொல்றது நிசமா, டாக்டர்?"

"அமலியோட முடிவைப் பத்தி நான் பேசக் கூடாதும்மா. உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னா உங்க ரத்தத்தைக் குடுங்க, பாத்துச் சொல்றேன்."

ஜோஸ்பின் கையை நீட்டினாள். ஈரப் பஞ்சு தோலில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அத்தான் சொன்னது செய்தியா, ஆறுதலா? நல்ல செய்தியாக இருந்தால் டாக்டர் இவ்வளவு இறுக்கமாக இருப்பாரா? தெரிந்துகொள்வதா, வேண்டாமா? எதுவும் பிடிபடாமல் வெளியே வந்து, பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, தூத்துக்குடி பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொடுத்த வாக்கைக் காத்தவள் அமலி. அதை உடைத்தவர் ரொசாரியோ. ஒருத்தியின் ரகசியத்தை இன்னொருத்திக்குத் திறக்க மறுத்தவர் டாக்டர் குமுதவல்லி. இதில் யார் செய்தது சரி?

விடை: தயங்கித் தயங்கித்தான் சொல்கிறேன், ரொசாரியோ செய்ததே சரி. டாக்டரின் விதியில் பிழையில்லை. ஆனால் ஊசி எடுக்குமுன் சகோதரிகள் இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். அமலியோ வாக்கைக் காப்பதாக நம்பினாள். அவளுடைய மௌனத்தை ஜோஸ்பின் பதிலாக எடுத்துக்கொண்ட பிறகு அது மௌனம் இல்லை, பொய். ரொசாரியோ அந்தப் பொய்யை நிறுத்தப் பார்த்தார். ஆனால் தனியாகப் போயிருக்கக் கூடாது. ஜோஸ்பின் மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள், நடந்ததை ரொசாரியோ சொல்லக் கேட்ட அமலி தானே போய்த் தங்கையின் கைகளைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். தன்னுடையதைப் போலவே இருக்கும் அந்த முகம் பொய் சொன்னால் எப்படியிருக்கும் என்று ஜோஸ்பினுக்குத் தெரியும். நம்பினாள். ஆனால் சிரிக்கவில்லை. "அப்ப இத்தன வருசமா நான் எதுக்குடி பயந்தேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.