கிரௌலருக்கு ஒரு சாட்சி

புதுச்சேரியில் ரத்தினவேலுவின் பீர்க் கடையில், குழாயில் பிடித்த பீரை அங்கேயே பெரிய டின்னில் அடைத்து மூடிக் கொடுப்பார்கள். அதற்குக் கிரௌலர் என்று பெயர். கேன் என்ற சொல்லையும் பழைய பீர்க் குடுவை ஒன்றின் பெயரையும் கலந்து பிறந்த சொல் அது. கலந்தவன் தானே என்று ரத்தினவேலு ஊரெல்லாம் சொல்லிவந்தார். ஒரு நாள் அதைத் தன் பேரில் பதிவு செய்ய வக்கீலையே வரவழைத்துவிட்டார்.

டின்னுக்கு மூடி போடும் பிலோமினாவை உட்கார்ந்தபடியே கூப்பிட்டார்.

"கடை திறந்த அன்னிக்கு இந்த வார்த்தையை நான் உண்டாக்கினதை நீ கேட்டேன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

பிலோமினாவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. வக்கீல் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"போடறேன் முதலாளி. ஆனா என்னைவிட மூத்த சாட்சி ஒண்ணு இங்கேயே இருக்கு. அதையும் கேட்டுட்டா கெட்டியா நிக்கும்."

"யாரும்மா அது?" என்றார் வக்கீல்.

"கடை திறக்கறதுக்கு முன்னாடியே மூடி போடற மெஷின் வெளிநாட்டுலேர்ந்து மரப்பெட்டியில வந்துச்சுங்க. பெட்டி மேல இதே பேரு கொட்டை எழுத்துல அச்சடிச்சிருந்துச்சு. பலகையை வீணாக்காம ஸ்டூல் அடிக்கச் சொன்னது முதலாளிதான். எழுத்து அடிப்பக்கம் போயிடுச்சு."

"எந்த ஸ்டூல்?"

"முதலாளி உக்காந்திருக்காரே, அதுதாங்க."

வக்கீல் பேனாவைத் திருப்பி வாங்கி மூடினார். "கொஞ்சம் எழுந்திருங்க சார், பார்த்துடலாம்."

ரத்தினவேலு எழுந்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டார்.