நந்தியாவட்டைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடந்த வழக்கு

செவ்வலூர் அரண்மனையில் குழைக்காதர் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு அங்கே என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. அவரையே கேட்டால், "மகாராஜாவுக்குச் சாப்பாடு செரிக்க வேண்டும். அதற்கு மருந்து தருகிறவர் வைத்தியர், பேச்சுத் தருகிறவன் நான். வைத்தியருக்காவது மூலிகை இடிக்கிற வேலை உண்டு" என்பார்.

வெள்ளத்தில் வீடு வாசலை இழந்து, பரிசலில் வந்து செவ்வலூரில் கரை ஒதுங்கியவர் அவர். மன்னர் சுந்தரவீரருக்கு அவர் பேச்சு பிடித்துப்போய், சபையில் ஓர் இடம் கொடுத்தார். பிடிக்காமல் போனது அம்பலவாணருக்கு.

அம்பலவாணர் நந்தவனத்துக்கும் ஊர்க் குளத்துக்கும் கண்காணி. நந்தவனம் மன்னர் தினமும் உலாவுகிற இடம். அங்கே ஒரு சருகு கிடக்காது. குளத்துப் பக்கம் மன்னர் போவதில்லை. அதனால் அம்பலவாணரும் போவதில்லை. தண்ணீரே தெரியாதபடி குளத்தை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது.

மன்னரின் பிறந்தநாள் சபையில் அம்பலவாணர் எழுந்து வாழ்த்துச் சொன்னார். தம் குடும்பம் மன்னரின் முன்னோர் கையால் நட்ட நந்தியாவட்டை என்றார். மண்ணில் வேர்விட்டு, நாள் தவறாமல் பூத்து, சுவாமிக்குப் போகிற செடி. பிறகு குரலைத் தாழ்த்தி, மண்ணைத் தொடாமல் தண்ணீரோடு மிதந்து வந்து ஒட்டிக்கொண்ட ஆகாயத்தாமரையும் இந்தச் சபையில் உண்டு என்றார். பெயர் சொல்லவில்லை. சபை மொத்தமும் குழைக்காதரைத் திரும்பிப் பார்த்தது.

மன்னருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. இரண்டில் எது உயர்ந்தது என்று நாளைக்கே வாதாடிப் பார்த்துவிடலாம் என்றார். அம்பலவாணர் இதற்குத்தான் காத்திருந்தார். தோற்றதற்குத் தண்டனை வேண்டாமா என்று கேட்டு, ஓலையில் எழுத வேண்டிய வாசகத்தையும் அவரே நயமாக எடுத்துக் கொடுத்தார்.

"தோற்ற செடி மூன்று நாளுக்குள் செவ்வலூர் எல்லையைத் தாண்ட வேண்டும். அதைக் கண்காணியே முன்நின்று அப்புறப்படுத்த வேண்டும்."

மன்னர் சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார்.

குழைக்காதர் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆகாயத்தாமரை உயர்ந்தது என்றால் மன்னர் ஆசையாக வளர்க்கிற நந்தவனத்தைப் பழித்ததாகும். நந்தியாவட்டை உயர்ந்தது என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். ஒரு சால்வை, ஒரு செம்பு, எல்லோருக்கும் தெரிந்துபோன நாலு சிரிப்புக் கதை.

சாயங்காலம் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தார். வடிவு என்கிற பெண் ஒரு குச்சியால் ஆகாயத்தாமரையை விலக்கிக் குடத்தை முக்கினாள். குடம் நிறைவதற்குள் இலைகள் மறுபடி வந்து மூடிக்கொண்டன. இன்னுமா இந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"நாத்தமடிக்குதுங்க. எங்க தெருவுல புள்ளைங்களுக்கெல்லாம் வயிறு சரியில்ல. ஐயா அரண்மனைக்காரங்கதானே, இதை வாரிப்போடச் சொல்லி ஒரு உத்தரவு வாங்கித் தரக்கூடாதா?"

குழைக்காதர் தலையைச் சொறிந்தார். உத்தரவு என்ற சொல் உள்ளே இறங்கியதும் சொறிந்த கை அப்படியே நின்றது.

மறுநாள் சபையில் உட்கார இடமில்லை. அம்பலவாணர் பேசி முடித்ததும் குழைக்காதர் எழுந்தார்.

"மகாராஜா, நந்தியாவட்டை நட்ட இடத்தில் நிற்கும். ஆகாயத்தாமரை காற்று அடிக்கிற பக்கம் போகும், தாங்கள் தலையாட்டுகிற பக்கம் நான் போவதுபோல. அதிலும் பூ உண்டு என்கிறார்கள். என் புலமையைப்போல அதையும் தேடித்தான் பார்க்க வேண்டும். பெயரில் ஆகாயமும் தாமரையும் இருக்கின்றன, செடியில் இரண்டும் இல்லை. என் பெயர் குழைக்காதன். காதில் குழை இருக்கிறதா, பாருங்கள். அது வரும்போது ஒற்றைச் செடியாக வரும். நானும் ஒற்றை ஆளாகத்தான் வந்தேன். இன்றைக்கு என் மைத்துனர்கள் நாலு பேர் அரண்மனைச் சமையல்கட்டில் படர்ந்திருக்கிறார்கள். ஆகவே ஆகாயத்தாமரை தோற்றது. ஒப்புக்கொள்கிறேன்."

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மன்னரின் முகம் மட்டும் வாடிப்போயிற்று. குழைக்காதரை இழக்க அவருக்கு மனமில்லை. ஆனால் முத்திரை வைத்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் தீர்ப்பைச் சொன்னார். மூன்று நாள் இன்றிலிருந்தே தொடங்குகிறது என்று அம்பலவாணர் நினைவுபடுத்தினார்.

குழைக்காதர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆமாம் ஐயா. குளம் பெரிது. இப்போதே ஆட்களைக் கூட்டினால்தான் முடியும்."

"எந்தக் குளம்?"

"தோற்ற செடி கிடக்கிற குளம். ஓலையில் செடி என்றுதானே இருக்கிறது?"

அம்பலவாணர் அவரை நோக்கி விரலை நீட்டினார். "ஆகாயத்தாமரை என்பது உம்மைத்தான். சற்று முன் உம் வாயாலேயே சொன்னீர்."

"அதுபோல என்றுதான் சொன்னேன். இல்லை, நானேதான் அது என்றால் போய்விடுகிறேன். அப்படியானால் தாங்களும் நந்தியாவட்டையேதான். நாளை விடிந்ததும் நந்தவனத்தில் போய் நில்லுங்கள். பெண்கள் கூடையோடு வருவார்கள். அவர்கள் பறித்து முடிக்கிறவரை அசையக் கூடாது."

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓலையை மறுபடி படிக்கச் சொன்னார். அதில் செடி என்றுதான் இருந்தது. கண்காணி முன்நிற்க வேண்டும் என்றும் இருந்தது. மூன்று நாளும் அம்பலவாணர் இடுப்பளவுத் தண்ணீரில் முன்நின்றார். வண்டி வண்டியாக ஆகாயத்தாமரை ஊர் எல்லையைத் தாண்டியது.

நாலாம் நாள் மன்னரே குளத்துக்கு வந்தார். வடிவும் மற்றப் பெண்களும் குச்சி இல்லாமல் குடத்தை முக்கிக்கொண்டிருந்தார்கள். மன்னர் தம் கைக்கடகத்தைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்: "குளம் இப்படிக் கிடந்ததை என்னிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே. இத்தனை சுற்று எதற்கு?"

"சொன்னேன் மகாராஜா. தை மாதம் ஒரு தரம், மாசியில் ஒரு தரம். நல்ல வேடிக்கை என்று இரண்டு தரமும் சிரித்துவிட்டு வெற்றிலை கொடுத்தீர்கள்."