நாற்பத்தொரு சீட்டுகள்

இருதயராஜ் வைத்த கேள்விப் பெட்டி மூன்று வாரமாகக் காலியாகவே இருந்தது.

அது ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. புதன்கிழமைகளில் வந்து பையன்களின் உடல்நலச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல அவராகவே முன்வந்திருந்தார். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவர். பையன்கள் அவரை மாத்திரை சார் என்றார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒன்பது வருடமாக அங்கே வந்துகொண்டிருந்த நர்ஸ் கலைமதியிடம் வேலையைக் கற்றுக்கொள்ளும்படி தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். கலைமதிக்கு வயது முப்பத்தாறு. இருதயராஜுக்கு அறுபத்தொன்று.

"ஒரு பயலும் ஒண்ணும் கேட்கமாட்டேங்கிறான், சிஸ்டர். எல்லாருமே அவ்வளவு ஆரோக்கியமா இருக்கானுங்களா?"

கலைமதி பெட்டியைப் பார்த்தார். வராந்தாவில், தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே இருந்தது. மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெயர், வகுப்பு, பிரிவு, கேள்வி.

"பெயர் எதுக்கு சார்?"

"முப்பத்தொரு வருஷம் ஜன்னல்ல உட்கார்ந்து மருந்து கொடுத்திருக்கேன். சீட்டுல பெயர் இல்லாம ஒருத்தருக்கும் கொடுத்ததில்ல. ஆள் மாறிப் போச்சுன்னா?"

கலைமதி பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்கு நடந்தார். இருதயராஜ் பின்னால் போனார்.

நாற்பத்தொரு பையன்கள். கலைமதி ஆளுக்குக் கால் தாள் கொடுத்தார்.

"எல்லாரும் எழுதணும். கேள்வி இருக்கிறவன் கேள்வி எழுது. இல்லாதவன் காலையில என்ன சாப்பிட்டேன்னு எழுது. பெயர் வேண்டாம். இடது கையால எழுது."

"சிஸ்டர், நான் இடது கைக்காரன்!"

"அப்ப வலது கையால எழுதுடா."

சிரிப்பு அடங்கியதும் எல்லாப் பேனாக்களும் நகர்ந்தன. ஒருவன் எழுதும்போது மற்றவன் பார்ப்பதற்கு அங்கே நேரமில்லை. அவனவன் கை அவனவனுக்கு அடங்கவில்லை.

மதிய இடைவேளையில் இருவரும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பிரித்தார்கள். இட்லி நாலு. பழைய சோறு. ஒண்ணும் சாப்பிடல. ஒண்ணும் சாப்பிடல. மாத்திரை சார் மீசைக்கு என்ன டை அடிக்கிறார்? ராத்திரி முழிச்சுப் படிச்சா கண்ணு போயிடுமா?

ஒரு சீட்டைப் பிரித்த இருதயராஜ் அடுத்ததை எடுக்கவில்லை. வயலெட் மையில், எழுத்துகள் சரிந்து சரிந்து கிடந்தன.

*ரெண்டு மார்பும் வீங்கியிருக்கு. தொட்டா வலிக்குது. கேன்சரா? கபடிக்குச் சட்டையைக் கழட்டச் சொல்றாங்க. அரையாண்டுப் பரீட்சையோட பள்ளிக்கூடத்த விட்டுட்டுச் சித்தப்பா கடைக்குப் போறேன்.*

"பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு," என்றார். "யாருன்னு கண்டுபிடிக்கணும் சிஸ்டர். கூப்பிட்டுப் பேசணும்."

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும். இந்த வயசுல பாதிப் பையன்களுக்கு வரும். தானாப் போயிடும்."

"அப்ப பாதிப் பையன்களைக் கூப்பிட வேண்டாமா?"

அவர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"டாக்டரை வரச்சொல்லிச் சொல்ல வைக்கலாமே."

"டாக்டர் எதுக்கு? நீங்களும் பையனா இருந்தவர்தானே."

இருதயராஜின் காது சிவந்தது. கலைமதி டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

மதியம் முதல் பீரியடில் இருதயராஜ் வகுப்பின் முன் நின்றார். மீசைக்கு டை அடிப்பதில்லை என்றார். யாரும் நம்பவில்லை. கண் போகாது, ஆனால் தூங்கு என்றார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒன்றும் எழுதாமல், மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பதினாலு வயசுல மார்பு வீங்குச்சு. ரெண்டு பக்கமும். புளியங்கொட்டை அளவுக்கு உள்ளே உருண்டையா. வலிக்கும். செத்துப்போயிடுவேன்னு நினைச்சேன். சட்டைக்குள்ள துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுதான் பள்ளிக்கூடம் போவேன்."

வகுப்பு ஒரு கணம் விழித்தது. பிறகு வெடித்துச் சிரித்தது.

"உங்களுக்கா சார்?"

"எனக்குத்தான்."

"வெயில் காலத்துல கூடவா சார்?"

"வேர்த்து வேர்த்து வேர்க்குரு வந்துச்சு. அது மார்பை விட மோசம்."

ஒருவன் பெஞ்சைத் தட்டினான். அவரும் சிரித்தார். நாற்பத்தேழு வருடமாக வீட்டில்கூடச் சொல்லாத விஷயம் அது.

"எப்ப சார் போச்சு?" மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஒண்ணரை வருஷத்துல. என்னைக்குப் போச்சுன்னே தெரியல. வளர்ற வயசு, உடம்பு செய்யற வேலை. கேன்சர் இல்ல. ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி கெட்டியா இருந்தாலோ, பெருசாகிட்டே போனாலோ டாக்டர்கிட்ட காட்டணும். அடுத்த வாரம் எடை பார்க்க டாக்டர் வரும்போது எல்லாரும் ஒவ்வொருத்தரா உள்ளே போவீங்க. அங்கே சொல்லு. வெளியில நிக்கிறவனுக்குத் தெரியாது."

கதவோரம் நின்றிருந்த கலைமதி, உடற்கல்வி ஆசிரியரைத் தேடிப் போனார். மறுநாளிலிருந்து கபடிக்குச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்தது. விடுமுறை வந்தது. இருதயராஜுக்கு அந்த நாட்கள் மெதுவாகப் போயின.

பள்ளி திறந்த முதல் புதன்கிழமை அவர் நேராக ஒன்பதாம் வகுப்புக்குப் போய்த் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். வருகைப் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தார். ஆசிரியர் அறைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

"நாற்பத்தொண்ணு, சிஸ்டர்! ஒருத்தனும் குறையல."

கலைமதி அறை வாசல் குழாயடியில் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்த சீட்டுகளை, யார் கையிலும் சிக்காதபடி, அதில்தான் ஊறப்போடுவார்.

"உட்காருங்க சார். தண்ணி குடிங்க."

அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"இதை மட்டும் வச்சிருந்தேன். கையெழுத்தை மறைச்சிட்டான், மையை மறைக்கல. வயலெட் பேனா அந்த வகுப்புல ஒருத்தன்கிட்டதான் இருக்கு. இப்பப் பார்த்துட்டு வந்தேன். ரெண்டாவது பெஞ்சு..."

"சார்."

அவர் நிறுத்தினார்.

"கூப்பிட்டு ஒரு வார்த்தை, நல்லா இருக்கியாப்பான்னு மட்டும் கேட்கலாமேன்னு..."

கலைமதி குழாயை மூடினார். வாளியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்கு உங்களைப் பார்த்து அத்தனை பேரும் சிரிச்சாங்க இல்ல?"

"ஆமா."

"அதுல அவனும் ஒருத்தன், சார். அப்படியே இருக்கட்டும்."

இருதயராஜ் சீட்டைத் தண்ணீரில் விட்டார். வயலெட் மை மெல்லப் பிரிந்து வாளி முழுதும் பரவியது.