பேச்சி ஆச்சிக்கு முந்தி வந்த மேளம்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு சொர்ணம். "ம்" கொட்டுடா கண்ணு, கொட்டலேன்னா அத்தை நிறுத்திருவேன். ம்... அப்படி.

அவ வாயைத் திறந்தா ஒரே கேள்விதான். "எல்லாரும் சாகத்தானே போறோம், அப்புறம் எதுக்கு வாழணும்?" கொம்பையான்னு ஒருத்தன், தங்கமான பய, அவளைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னான். "பதில் தெரியாம கழுத்தை நீட்ட மாட்டேன்"னுட்டா. அவளுக்கும் அவன்மேல உசுருதான், ஆனா பிடிவாதக்காரி. அவனும் பாவம், மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டுக் கூடவே அலைஞ்சான்.

அப்புறம் ரெண்டு பேரும் ஒரு பண்டிதர்கிட்ட போனாங்க. அவர் விளக்கம் சொல்றாரு, சொல்றாரு, சொல்லிக்கிட்டே இருக்காரு... கொர்ர்ர்! குறட்டை விட்டது யாருங்கிறே? பண்டிதரேதான்!

அப்புறம் மலைமேல ஒரு சாமியார். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அதைத்தான் நானும் தேடுறேன் தாயி, பக்கத்துல உட்காரு"ன்னாரு. தடதடன்னு இறங்கி ஓடியே வந்துட்டாங்க. ம் எங்கடா?

அப்போ ஊர்ல பேச்சி ஆச்சி, பேரனுக்குப் பேரன் பார்த்தவ, இழுத்துக்கிட்டுக் கிடக்கா. "போற வாசல்ல நிக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா?"ன்னு சொர்ணம் ஓடினா, பின்னாடியே கொம்பையாவும். அந்த ஊர்ல நல்லா வாழ்ந்து முடிச்சவங்க சாவுன்னா கல்யாணம் மாதிரி. பந்தல் போட்டு, மேளம் வச்சு, ஆடித்தான் அனுப்புவாங்க. ஆச்சிக்கும் வாசல்ல பந்தல் போட்டு, மேளக்காரங்களுக்கும் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க. சொர்ணம் குனிஞ்சு, "ஆச்சி, நீ எதுக்கு வாழ்ந்தே?"ன்னு கேட்டா. ஆச்சி வாயைத் திறந்தா...

டண்டணக்கு டணக்குடக்கா! மேளக்காரங்க அவசரக்குடுக்கைங்க, ஆச்சி போயிட்டான்னு நினைச்சு வாசல்ல வெளுத்து வாங்குறாங்க!

போர்வைக்குள்ள ஆச்சி காலு ஆடுது. விருட்டுன்னு எந்திரிச்சுட்டா. "எவன்டா அவன், என்னை விட்டுட்டு ஆடுறது?" சொர்ணத்தையும் தரதரன்னு இழுத்துட்டுப் போய் ஆடினா பாரு ஒரு ஆட்டம்! தெருவே ஆடுச்சு. சொர்ணத்துக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. அம்மாடி, அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அப்புறம் ஆச்சி மூச்சு வாங்க உட்கார்ந்து, "என்னமோ கேட்டியே தாயி, என்ன அது?"ன்னா.

"அது கெடக்கு ஆச்சி"ன்னுட்டு சொர்ணம் கொம்பையா முன்னாடி போய் இடுப்புல கை வச்சு நின்னா. "ஏய்யா, இப்படி மசமசன்னு நின்னா, நாம எப்போ சேர்ந்து வாழ்ந்து, எப்போ கிழடாகி, எப்போ இப்படி ஆட்டத்தோட போய்ச் சேர்றது? மேளம் வந்திருக்கு, பந்தலும் இருக்கு. ஓடிப்போய்த் தாலியை எடுத்துட்டு வா!"

அவங்க ஆடட்டும். கதை கண்ணை மூடிருச்சு, நீயும் மூடு செல்லம்.