மழையில ஊமையாகுற துப்பாக்கி

ஒரு மலையடியில ஒரு ஆட்டுக்கிடைக் காவக்காரன் இருந்தானாம். பேரு சடையன், பொண்டாட்டி பேரு ஒச்சாயி. அவங்ககிட்ட ஒரு திரித்துப்பாக்கி. இந்தக் காலத்துத் துப்பாக்கி மாதிரி இல்ல கண்ணு. குழாய்க்குள்ள வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் கெட்டிச்சு, பக்கத்துல இருக்குற சின்னக் கிண்ணியில ஒரு சிட்டிகை மருந்து வச்சு, கனிஞ்சுக்கிட்டே இருக்குற கயித்துத் திரியைக் கொக்கியில மாட்டணும். விசையை இழுத்தா திரி வந்து கிண்ணியைத் தொடும். டமார்! ம் சொல்லு.

அந்தக் காட்டுல ஒரு பொல்லாத புலி. வெயில்னா எட்டியே பாக்காது. மழை சோ...ன்னு கொட்டுனா வரும். ஏன்? மழையில துப்பாக்கி ஊமையாயிரும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு!

மொத மழையில வந்துச்சு. சடையன் விசையை இழுத்தான். கிண்ணி மருந்து களியாக் கெடந்துச்சு. சொத்! புலி ஒரு ஆட்டைக் கவ்விக்கிட்டு மெதுவா நடந்து போச்சு, ஓடக்கூட இல்ல. அப்புறம் ஒச்சாயி பிஞ்ச செருப்புத் தோலை வெட்டி, கொழுப்பைத் தடவி, கிண்ணிக்கு ஒரு மூடி தச்சா. சுடும்போது மட்டும் தூக்கணும்.

ரெண்டாவது மழை. மருந்து நனையல. ஆனா திரி நனைஞ்சு புஸ்ஸ்...! அணைஞ்சுபோச்சு. புலி சடையன் தொடையைக் கவ்விருச்சு. ஊரே கூடித் தப்பு மேளம் அடிக்கவும் விட்டுட்டுப் போச்சு. போகும்போது திரும்பி அவனையே பாத்துச்சாம்.

அப்புறம் சடையன் படுத்த படுக்கை. குடிசைக்குக் கதவில்ல, ஓலைத் தட்டிதான். கூரையெல்லாம் ஒழுகல்.

"அது என்னைத் தேடி வரும் புள்ள."

"வரட்டும்"னா ஒச்சாயி. ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கனியுற திரி மேல கவுத்து, சுத்தி மெழுகு வச்சு அடைச்சா. சிரட்டையோட கண்ணையும் அடைச்சா. பொட்டுத் தண்ணி போகாது. ம்?

அப்போ மூணாவது மழை. சாயங்காலமே கும்மிருட்டு. வாசச் சேத்துல சளப்... சளப்... தட்டிக்கு அந்தப் பக்கம் மூச்சு. ஹ்ர்ர்... ஹ்ர்ர்...

ஒச்சாயி சிரட்டையைத் தொட்டா. சில்லுன்னு இருந்துச்சு! பேத்துப் பாத்தா திரி செத்துக் கெடக்கு. மழை அணைக்கல கண்ணு, மூச்சு முட்டி அணைஞ்சுபோச்சு. நெருப்புக்கும் மூச்சு வேணும்ல?

"ஒச்சாயி, நீ ஓடிரு"ன்னான் சடையன். அவ ஓடல. குளிருக்கு அவன் பக்கத்துல வச்சிருந்த தணல் சட்டியில திரியைச் செருகி ஊதுனா. உஃப்! உஃப்! தட்டி டர்ர்னு கிழிஞ்சுச்சு. திரியைக் கொக்கியில மாட்டி, சிரட்டையைக் கவுத்து, அந்தக் கண்ணுல இருந்த மெழுகை நகத்தாலயே நோண்டி எறிஞ்சா. கூரைத் தண்ணி சிரட்டை மேல டப்பு டப்புன்னு விழுது, ஆனா கண்ணு வழியா இழை மாதிரி புகை வருது. திரி மூச்சு விடுது!

புலி தலையை உள்ள விட்டுச்சு. துப்பாக்கியைப் பாத்துச்சு. பயப்படவே இல்ல. மழைதான் பெய்யுதே! சடையன் காலுக்குக் குனிஞ்சுச்சு.

ஒச்சாயி சிரட்டையைத் தட்டிவிட்டா. தோல் மூடியைத் தூக்குனா. இழுத்தா.

டமார்!

புலி அப்படியே சடையன் காலடியில சரிஞ்சுச்சு. அப்புறம்தான் ஒச்சாயிக்கு அழுகையே வந்துச்சு.

ஆனா விடிஞ்சு பாத்தா, சேத்துல ரெண்டு புலியோட தடம். ஒண்ணு வாசல் வரைக்கும். இன்னொண்ணு புளியமரம் வரைக்கும் வந்து, சத்தம் கேட்டுத் திரும்பிருச்சு. மழையிலயும் துப்பாக்கி பேசும்னு அது தெரிஞ்சுக்கிச்சு. அப்புறம் அது வரவே இல்ல.

அட, ஏன் போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்ட? வெளிய பெய்யுறது வெறும் மழைதான். மூக்கை மட்டும் வெளிய விடு, மூச்சு வேணும்ல. ஆங், அப்படித்தான். கதை ஆயிருச்சு, கண்ணை மூடு.